கற்பனை அணியும் புள்ளி நிறுவையும்

ஓர் ஆட்டம் முடிவுற்றதும் எவ்வணி வென்றது என்பதைப் புள்ளிப் பலகை ஐயத்துக்கிடமின்றி உரைத்துவிடுகின்றது. அவ்வெற்றியில் ஒவ்வொரு வீரனுக்கும் உரிய பங்கு யாது என்று வினவின், அப்பலகை வாய் திறவாது. ஒருவன் ஓங்கி அடித்தான். ஒருவன் பொறுமையாய் நின்றான். ஒருவன் விரைந்து ஓடினான். வேறொருவன் எதிரணியினர் ஓட்டம் பெறாவண்ணம் பந்தெறிந்தான். தன்மையால் வேறுபட்ட இச்செயல்களை ஒரே தராசில் இட்டு நிறுப்பது எங்ஙனம்? இவ்வினாவையே ஆட்டமாக்கி, அதற்கென விதிகளும் வகுத்து, ஐக்கிய அமெரிக்காவிலே பெருந்தொகையினர் ஆண்டுதோறும் ஆடிவருகின்றனர். கற்பனைப் பேஸ்போல் என்பது அதன் பெயர். அவ்வாட்டத்துக்குப் புள்ளி வகுப்போர் எதிர்கொள்ளும் இடர்களையும், அவற்றுக்குக் கண்ட வழிகளையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம். பேஸ்போல் எமது மைதானங்களுக்கு அந்நியமானதே. ஆயினும் வெவ்வேறு பாடங்களிற் பெற்ற புள்ளிகள் ஒன்றுகூட்டப்பட்டுத் தம் எதிர்காலம் தீர்மானிக்கப்படுவதைக் கண்ட எம் மாணவர்க்கு இக்கணக்கு அந்நியமானதன்று.

துடுப்பாட்டத்தை அறிந்தோர்க்குப் பேஸ்போலைச் சில வசனங்களில் உணர்த்திவிடலாம். பக்கம் 90 அடி கொண்ட ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள்ளன. பந்தை அடித்த அடிவீரன் மூன்று தளங்களையும் சுற்றிப் புறப்பட்ட இடத்தை மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம். அவன் அடித்த அடி ஒரு தளத்தை எட்டவைத்தால் அது ஒருதள அடி. இரண்டாயின் இருதள அடி. மூன்றாயின் முத்தள அடி. பந்து வேலியைக் கடந்து பறந்தால் அது ஹோம் றன். எமது ஆறோட்ட அடியை அது ஒத்ததாயினும், அடித்தவனோடு தளங்களில் நின்ற அனைவரும் அவ்வடியால் ஓட்டம் பெறுவர். எறிவீரன் அடிக்கத்தக்க எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகளை எறிந்துவிட்டால், அடிவீரன் அடியாமலே முதற்றளத்துக்கு நடந்து செல்வான். இதனை நடை என்போம். தளத்தில் நிற்பவன் வேளை பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடி அதனைக் கைப்பற்றுவது தளக்களவு. மூவர் ஆட்டமிழந்தால் ஓரணியின் இனிங்ஸ் முடிந்தது. இவ்வாறு ஒன்பது இனிங்ஸ். ஆகவே ஓரணிக்கு ஓர் ஆட்டத்திலே வழமையாகக் கிடைப்பவை 27 ஆட்டமிழப்புகள் மாத்திரமே. இவ்வெண்ணை வாசகர் நினைவில் இருத்துவாராக.

நியூயோர்க் நகரில் டானியல் ஒக்ரென்ற் என்னும் எழுத்தாளரும் அவர்தம் நண்பரும் 1980ஆம் ஆண்டில் இக்கற்பனை ஆட்டத்துக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தனர். அவர்கள் கூடியுண்ட பிரெஞ்சு உணவகத்தின் பெயரைத் தழுவி, றொட்டிசெரி என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. பங்குபற்றும் ஒவ்வொருவரும் ஓர் அணியின் உடைமையாளராகத் தம்மைப் பாவித்து, உண்மையான தொழில்முறை வீரரை ஏலத்தில் எடுப்பர். நிலைபெற்ற விதிப்படி 23 வீரரை எடுப்பதற்கு 260 டொலர் ஒதுக்கப்படும். பின்னர் அவ்வீரர் மெய்யான ஆட்டங்களிற் செய்வன யாவும் கற்பனை அணியின் கணக்கில் ஏறும். அடிவீரர்க்கு அடிச் சராசரி, ஹோம் றன், ஈட்டிக்கொடுத்த ஓட்டம், தளக்களவு என நான்கு வகைகளும், எறிவீரர்க்கு வெற்றி, காப்பு, ஒன்பது இனிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டம், ஓர் இனிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த அடிகளும் நடைகளும் என நான்கு வகைகளும் முதலிற் கொள்ளப்பட்டன. இவற்றுள் இறுதியானது ஒக்ரென்ற் தாமே வகுத்த அளவு. பிற்காலத்தில் அடிவீரர் பெற்ற ஓட்டமும், எறிவீரர் அடிவீரரைப் பந்தைத் தொடவிடாது ஆட்டமிழக்கச் செய்த தொகையும் சேர்ந்து வகைகள் பத்தாயின. பத்து அணிகள் போட்டியிடின், ஒவ்வொரு வகையிலும் முதலில் நிற்பவர்க்கு 10 புள்ளி. கடையில் நிற்பவர்க்கு 1 புள்ளி. இதனைத் தரவரிசை முறை எனலாம். ஒவ்வொரு செயலுக்கும் இத்தனை புள்ளி என முன்னரே விலை குறித்து நேரே கூட்டிச் செல்வது மற்றொரு முறை.

இவ்விலை பிழைத்தால் விளைவது யாது? புள்ளி அதிகம் தரும் ஒரே வகை வீரரை நோக்கி அனைவரும் ஓடுவர். ஏனையோர் ஏலத்தில் கேட்பாரற்றுக் கிடப்பர். உடைமையாளர் பன்னிருவரும் ஒரே வினாவுக்கு ஒரே விடை எழுதும் நிலை வந்துவிட்டால் ஆட்டத்திற் சுவை ஏது? சமநிலை என்று நாம் கூறுவது எல்லா வீரர்க்கும் ஒரே அளவு புள்ளி கிடைக்கச் செய்வதையன்று. மெய்யான ஆட்டத்திலே ஒரு செயல் எவ்வளவுக்குப் பயன்பட்டதோ அவ்வளவுக்கே கற்பனைக் கணக்கிலும் அது மதிக்கப்படுதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

இம்மதிப்பீட்டின் வரலாறு துடுப்பாட்டத்திலிருந்தே தொடங்குகின்றது. இங்கிலாந்தில் 1824இற் பிறந்து சிறுவனாகவே அமெரிக்கா சென்ற ஹென்றி சட்விக் என்னும் பத்திரிகையாளர், முதலில் துடுப்பாட்டச் செய்தி எழுதியவர். ஆட்ட விபரங்களைக் கட்டம் கட்டிப் பதியும் வழக்கத்தையும், சராசரி காணும் வழக்கத்தையும் பேஸ்போலில் வேரூன்றச் செய்தவர் அவரே. ஆயின் நடையை அவர் அடிவீரனின் திறமையாகக் கொண்டிலர். எறிவீரனின் தவறாகவே கொண்டார். 1887ஆம் ஆண்டில் மட்டும் நடைகளையும் அடிகளாகக் கணக்கிடும் விதி இருந்தது. அவ்வாண்டு சென் லூயிஸ் அணியின் ரிப் ஓநீல் பெற்ற சராசரி .492 என எழுதப்பட்டது. நடைகளைக் கழித்து இன்று அதனை.435 என்பர். மறு ஆண்டே அவ்விதி கைவிடப்பட்டது. அதன்பின் பன்னெடுங்காலம், பொறுமையோடு நின்று நடை பெற்றவனுக்கு ஏட்டிலே பெருமையும் இல்லை. ஊதியத்திலே உயர்வும் இல்லை. எண்ணப்படாத திறமை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அடிச் சராசரியில் வேறொரு குறையும் உண்டு. ஒருதள அடியும் ஹோம் றன்னும் அதன்கண் ஒரே பெறுமதி உடையன. ஒருவன் பையிலுள்ள நாணயங்கள் ஐந்து சதமா ஒரு டொலரா என்று பாராமல், எண்ணிக்கையை மட்டும் கொண்டு அவன் செல்வத்தை மதிப்பது போன்றது இது என, எவ். சி. லேன் என்னும் பத்திரிகையாசிரியர் 1916இலேயே சாடினார். அவர் கேட்ட கேள்விக்குத் திட்பமான விடை காண முயன்றவருள் கனடாவின் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோர்ஜ் லின்ட்சே குறிப்பிடத்தக்கவர். அவர்தம் தந்தையார் எழுதிவைத்த நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் பதிவுகளைக் கொண்டு, தளங்களில் எவரெவர் நிற்க, எத்தனை பேர் ஆட்டமிழந்திருக்க, அவ்வினிங்ஸில் மேலும் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் வரும் என்பதை அவர் கணித்து 1963இல் வெளியிட்டார். எவரும் தளத்தில் இல்லாது, எவரும் ஆட்டமிழவாது உள்ள தொடக்கத்தில் அத்தொகை ஏறத்தாழ அரை ஓட்டம். முதலாமவன் முதற்றளத்தை அடைந்துவிட்டால் அது 0.8 ஓட்டத்துக்கு உயர்கின்றது. இவ்வுயர்ச்சியே அச்செயலின் பெறுமதி. ஒவ்வொரு வகைச் செயலுக்கும் எல்லா நிலைகளிலும் இவ்வாறு உயர்வு தாழ்வுகளைக் கண்டு சராசரி எடுத்தால், அச்செயலின் விலை ஓட்டக் கணக்கிலே கிடைத்துவிடும்.

பீற் பாமர், ஜோன் தோண் ஆகிய இருவரும் 1984இல் வெளியிட்ட நூலில் இத்தகைய விலைகள் தெளிவுறத் தரப்பட்டன. ஒருதள அடி 0.47 ஓட்டம், இருதள அடி 0.78, முத்தள அடி 1.09, ஹோம் றன் 1.40, நடை 0.33; தளக்களவு 0.30. களவிற் பிடிபட்டால் 0.60 குறையும். சாதாரண ஆட்டமிழப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 0.25 குறையும். ஓரணியின் கையிலுள்ள 27இல் ஒன்றை அவன் செலவிட்டுவிட்டான் அல்லவா?

இவ்விலைகளின் வலிமையை உணர இரு கற்பனை வீரரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 650 தடவை அடிக்க நின்றனர். முதலாமவன் 40 ஹோம் றன், 20 இருதள அடி, 90 ஒருதள அடி, 40 நடை பெற்று 460 தடவை ஆட்டமிழந்தான். இரண்டாமவன் 10 ஹோம் றன், 30 இருதள அடி, 110 ஒருதள அடி, 100 நடை பெற்று 400 தடவை ஆட்டமிழந்தான். அடித்துக் கடந்த தளங்களை மட்டும் எண்ணிப் புள்ளி வழங்கும் முறையில் முதலாமவனுக்கு 290, இரண்டாமவனுக்கு 210. மேலே தந்த ஓட்ட விலைப்படி நிறுத்தாலோ முதலாமவன் சராசரி வீரனிலும் 12 ஓட்டம் மேலானவன். இரண்டாமவன் 22 ஓட்டம் மேலானவன். நிறுவை மாறியதும் முந்தியவன் பிந்தியவனாயினன். அறுபது நடைகளும் அறுபது ஆட்டமிழப்புகளும் முன்னைய முறையின் கண்ணிற் படவேயில்லை.

பழக்கத்திலுள்ள முறைகள் சிலவற்றில் இன்னொரு பிழை நேர்கின்றது. தளத்துக்கு ஒன்றாக ஹோம் றன்னுக்கு 4 புள்ளி கொடுத்து, அடித்தவன் ஓடிய ஓட்டத்துக்கு 1 புள்ளியும், ஈட்டிக்கொடுத்த ஓட்டத்துக்கு 1 புள்ளியும் கொடுப்பர். தளங்கள் வெறுமையாய் இருக்கும்போதே ஒரு ஹோம் றன் 6 புள்ளி பெறுகின்றது. ஒருதள அடியோ 1 புள்ளியுடன் நிற்கின்றது. உண்மைப் பெறுமதியில் அவை ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இங்கே ஆறுக்கு ஒன்று. ஒரே செயலுக்கு மும்முறை கூலி கொடுப்பது போன்றது இது. அன்றியும், ஈட்டிக்கொடுத்த ஓட்டம் என்பது தனக்கு முன் ஆடியோர் தளங்களில் நின்றமையைப் பொறுத்தது. அயலானுடைய உழைப்பை ஒருவன் கணக்கில் எழுதுவதை நாம் ஒப்புவதற்கில்லை. ஆனால் ஈட்டிக்கொடுத்த ஓட்டம் இல்லாத கற்பனை ஆட்டத்தில் உப்பில்லை என்று வாதிடுவோர் பலர். ஆட்டம் பொழுதுபோக்குக்காகவே நடப்பதாகலின் அவர் விருப்பத்தையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது; அதனைச் சேர்ப்பதாயின் ஹோம் றன்னின் அடிப்படை விலையைக் குறைத்துவிடுதலே நியாயம்.

அடிவீரரை நிறுத்தாயிற்று. எறிவீரரை அதே தராசில் ஏற்றுவதே கடினமான பகுதி. ஓர் ஆட்டமிழப்புக்கு ஒரு புள்ளி, அடிக்கவிடாது வீழ்த்தியமைக்கு மேலும் ஒரு புள்ளி, வெற்றிக்கு ஐந்து புள்ளி என மனம்போன போக்கில் எழுதிவிட்டால், 200 இனிங்ஸ் எறியும் ஒருவன் 600 புள்ளிக்கு மேல் எளிதிற் குவித்து அடிவீரர் அனைவரையும் மறைத்துவிடுவான். இதற்குப் பரிகாரம் எறிவீரனையும் ஓட்டக் கணக்கினாலேயே அளப்பதுதான்.

ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சராசரியைச் சுழியமாக வைத்து அளந்தால், ஆண்டு முழுவதும் தளராது ஆடிய நடுத்தர வீரனும், ஓர் ஆட்டமும் ஆடாது ஓரத்தில் இருந்தவனும் சுழியமே பெறுவர். இது முறையன்று. நடுத்தர வீரன் கிடைப்பதற்கு அரியவன். அவன் இல்லாவிடின் அவ்விடத்துக்கு வரக்கூடிய மாற்று வீரன் ஓராண்டில் ஏறத்தாழ 20 ஓட்டம் குறைந்தவனாகவே இருப்பான். ஆகவே அம்மாற்று வீரனையே சுழியமாகக் கொள்ளுதல் வேண்டும். அதற்கு ஆட்டமிழப்பின் தண்டத்தை 0.25இலிருந்து 0.20ஆகத் தளர்த்தினாற் போதும். தசமங்களை ஒழிக்க யாவற்றையும் பத்தாற் பெருக்கினால், ஒருதள அடிக்கு 5, இருதள அடிக்கு 8, முத்தள அடிக்கு 11, ஹோம் றன்னுக்கு 14, நடைக்கு 3, தளக்களவுக்கு 3, பிடிபட்டால் 6 குறைவு, ஆட்டமிழந்தால் 2 குறைவு என்று வரும். எறிவீரனுக்கு அவன் வீழ்த்தும் ஒவ்வோர் ஆட்டமிழப்புக்கும் அதே 2 புள்ளி, அஃதாவது இனிங்ஸுக்கு 6. அவன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் 10 குறைவு. ஒருவன் இழப்பதை மற்றவன் பெறுகின்றான். மேற்கூறிய அடிவீரர் இருவரும் இம்முறையில் முறையே 370, 430 புள்ளி பெறுகின்றனர். 200 இனிங்ஸ் எறிந்து 80 ஓட்டம் விட்டுக்கொடுத்த நல்லதோர் எறிவீரன் 400 பெறுகின்றான். அடிப்போனும் எறிவோனும் அருகருகே வந்து நிற்கின்றனர்.

வெற்றி என்னும் வகையைப் பற்றி ஒரு சொல். தன் அணி முன்னணியிலிருக்கும் நிலையைத் தகுந்த வேளையில் விட்டுச்சென்ற எறிவீரனுக்கே வெற்றி எழுதப்படும். அவன் அணியினர் அடியாவிட்டால் அவனுக்கு வெற்றி இல்லை. நியூயோர்க் மெற்ஸ் அணியின் ஜேக்கப் டிகுரோம் 2018ஆம் ஆண்டில் 217 இனிங்ஸ் எறிந்து ஒன்பது இனிங்ஸுக்கு 1.70 ஓட்டமே விட்டுக்கொடுத்தார். அவர் கணக்கில் எழுதப்பட்டவை 10 வெற்றியும் 9 தோல்வியும். அவ்வாண்டின் சிறந்த எறிவீரர் விருதை வழங்கியோர் வெற்றித் தொகையைப் பொருட்படுத்தாமல் அவருக்கே அதனை அளித்தனர். எமது நிறுவையில் அவர் 892 புள்ளி பெறுகின்றார். வெற்றிக்குப் பெருவிலை குறிக்கும் முறைகளில் அவர் பலருக்குப் பின்னே நின்றிருப்பார். இறுதி இனிங்ஸில் வந்து முன்னணியைக் காக்கும் எறிவீரனுக்குரிய காப்பு என்னும் கணக்கும் இத்தகையதே. 1969 முதல் அது அதிகாரபூர்வமானது. ஆண்டுக்கு 60, 70 இனிங்ஸ் மட்டும் எறிவோர் தரவரிசை முறையில் ஐந்திலொரு வகையைத் தமதாக்கிக் கொள்கின்றனர்.

இது தரவரிசை முறையின் உள்ளே மறைந்திருக்கும் விலைகளை நோக்கி எம்மை இட்டுச் செல்கின்றது. அங்கே எவரும் விலை குறிப்பதில்லை. பத்து வகைகளும் சமம் என்றே விதி கூறும். ஆயினும் ஹோம் றன் வகையில் ஓரிடம் முன்னேற எட்டு அடிகள் வேண்டியிருக்க, தளக்களவு வகையில் ஓரிடம் முன்னேற நான்கு களவுகள் போதுமாயின், ஒரு களவு இரு ஹோம் றன்னுக்குச் சமமாகிவிடுகின்றது. மெய்யான ஆட்டத்திலோ களவின் விலை ஹோம் றன்னின் நான்கிலொன்றுக்கும் குறைவு. ஒரு வகையிற் போட்டியாளரிடையே உள்ள சிதறலே அங்கு விலையை நிர்ணயிக்கின்றது. ஆகவே அனுபவமுள்ளோர் வீரன் பெற்ற தொகையிலிருந்து அவ்வகையின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, வகைதோறும் கிடைக்கும் எண்களைக் கூட்டி வீரனை மதிப்பர். ஹோம் றன்னின் இடை 22, நியம விலகல் 9 என்றிருக்க ஒருவன் 40 அடித்தால் அவன் மதிப்பு 2. தளக்களவின் இடை 9, நியம விலகலும் 9 ஆயின் 27 களவு செய்தவன் மதிப்பும் 2.

உயர்தர வகுப்பு மாணவர் இவ்விடத்தில் புன்முறுவல் செய்வர். இஃது அவர் நன்கறிந்த இசட் புள்ளியேயன்றி வேறன்று. பௌதிகவியலில் 70 பெற்றவரையும் வேறொரு பாடத்தில் 70 பெற்றவரையும் ஒப்பிட, 2001ஆம் ஆண்டிலிருந்து எமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கையாளப்படும் கணக்கும் இதுவே. தரப்படுத்தல் என்னும் சொல் 1970களில் மொழிவாரியாக நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்தால் எம்மவர்க்கு ஆறாத வடுவொன்றை நினைவூட்டும். இசட் புள்ளி அதனின் வேறானது. எனினும் அதற்கும் ஓர் இன்றியமையா நிபந்தனை உண்டு. இடையும் விலகலும் எக்கூட்டத்தாரிடமிருந்து கணிக்கப்படுகின்றன என்பதே அது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு சாராரும் புதிய பாடத்திட்டத்தில் மற்றொரு சாராரும் தோற்றினர். இரு சாராரையும் ஒரே கூட்டமாக்கிக் கணித்த இசட் புள்ளிகளை 2012ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. அதன்பின் அவை மீளக் கணிக்கப்பட்டன. வினாத்தாள் வேறு, கூட்டம் வேறு என்றால் இடையும் வேறாகவே இருத்தல் வேண்டும்.

கற்பனைப் பேஸ்போலிலும் இதே தவறு எளிதில் நேரும். ஆண்டில் ஒரு தடவை மட்டும் மட்டை பிடித்தவரையும் சேர்த்து இடை காண்பது பிழை. ஏலத்தில் உண்மையாக எடுக்கப்படக்கூடிய வீரர் தொகுதியே கூட்டம். சராசரி வகைகளில் வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். 100 தடவையில் .330 பெற்றவன் 600 தடவையில் .300 பெற்றவனைக் காட்டிலும் அணியின் சராசரியை உயர்த்துவதில்லை. ஆதலின் தடவைகளின் தொகையாற் பெருக்கியே அவனை நிறுத்தல் வேண்டும்.

காவல் நிலைகளையும் கலந்துவிடலாகாது. அடிவீரன் பின்னே அமர்ந்து எறிபந்தைப் பிடிப்பவன் எமது விக்கெற் காப்பாளனைப் போன்றவன். உடல் வருந்தும் அப்பணியிலே வல்லவருள் நன்றாக அடிப்போர் சிலரே. முதற்றளக் காவலரிலோ வலிய அடிவீரர் நிரம்ப உளர். பன்னிரண்டு அணிகள் போட்டியிடுவதாக வைத்துக்கொள்வோம். பிடிப்போருள் முதல்வன் 320 புள்ளியும் பதின்மூன்றாமவன் 200 புள்ளியும், முதற்றளக் காவலருள் முதல்வன் 430 புள்ளியும் பதின்மூன்றாமவன் 330 புள்ளியும் பெறின், எவனுக்கு அதிக பணம் கொடுப்பீர்கள்? 430 பெற்றவனை இழந்தால் 330 பெறுபவன் இலவசமாகவே கிடைப்பான், நட்டம் 100. பிடிப்போனை இழந்தால் நட்டம் 120. ஆகவே 320 பெற்றவனே விலை கூடியவன். இதற்காகப் பிடிப்போர்க்கு மேலதிகப் புள்ளி வழங்கும் விதி தேவையில்லை. ஒவ்வோர் அணியும் பிடிப்போன் ஒருவனைக் கட்டாயம் வைத்திருத்தல் வேண்டும் என்னும் விதியே போதும். ஏலம் தானே அவன் விலையை உயர்த்திவிடும்.

இவ்வாறு வகுத்த முறையைப் புது ஆண்டில் அரங்கேற்றுமுன் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் பதிவுகளில் ஓடவிட்டுப் பார்த்தல் நன்று. முதல் ஐம்பது வீரருள் அடிவீரர் எத்தனை பேர், எறிவீரர் எத்தனை பேர், ஒரே வகையினர் கூட்டமாய் மேலேறி நிற்கின்றனரா என்பதைக் கண்டு விலைகளைச் சிறிது கூட்டிக் குறைக்கலாம். ஆண்டின் நடுவில் விலைகளை மாற்றுதல் மட்டும் ஆகாது. ஏலத்திற் பணம் கொடுத்தவன் அன்றைய விலையை நம்பியே கொடுத்தான்.

மெய்யான ஆட்டத்தின் விதி மாறினால் கற்பனை விலையையும் மீள நோக்குதல் வேண்டும். 2023ஆம் ஆண்டில் தளங்களின் பக்கம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெருப்பிக்கப்பட்டது; தளத்தில் நிற்பவனைத் தடுக்க எறிவீரன் பந்தைத் திருப்பி எறியும் தடவைகளுக்கும் வரம்பு இடப்பட்டது. 2022இல் 2,486ஆக இருந்த தளக்களவு 2023இல் 3,503ஆக உயர்ந்தது. களவை அரும்பொருளாக எண்ணி விலை கொடுத்தோர் பலர் அவ்வாண்டு கையைப் பிசைந்தனர். விதி எழுதுவோர் எதிர்பாராத வீரரும் தோன்றுவதுண்டு. ஜப்பானியரான ஷோஹெய் ஒட்டானி 2021இல் 46 ஹோம் றன் அடித்தார். அதே ஆண்டில் எறிவீரராக 9 வெற்றிகளும் பெற்றார். அவரை ஒரே வீரராக ஏலமிடுவதா, அடிப்பவர் ஒருவர் எறிபவர் ஒருவர் என இரு வீரராகப் பிரிப்பதா என்பதில் லீக்குகள் வேறுபட்டு நின்றன. ஒருவராகக் கொள்வோர், உடைமையாளர் அவரை ஒவ்வொரு கிழமையும் எப்பணிக்கு நிறுத்துகின்றார் என்பதை ஆட்டம் தொடங்குமுன் அறிவிக்கும்படி விதித்தனர்.